மூன்று டிராம் மயில்துத்தம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. திங்கட்கிழமை காலை, பாசி சாகட்டும் என்று எங்கள் வீட்டுப் பின்புறக் குளத்தில் மூன்று டிராம் மயில்துத்தம் கரைத்தேன்.
2. செவ்வாய் மாலைக்குள் பச்சை இறங்கிவிட்டது. குளத்தின் அடி முதல் முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.
3. புதன் விடியலில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன.
4. அதைக் கண்ட அம்மா, அண்ணனைச் சுரங்கத்துக்கு அனுப்ப மறுத்துவிட்டாள்.
5. அண்ணனுடைய எண் பொறித்த பில்லையை எடுத்துக்கொண்டு, அவனுக்குப் பதிலாக எதிர்வீட்டு மாமா இறங்கினார்.
6. பகல் பதினொரு மணிக்குத் தரை குலுங்கியது.

இந்த ஆறில் முதலாவதை அன்றைக்கு அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். மற்ற ஐந்தையும் எங்கள் லைனில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அவர்கள் சொல்லும்போது கதை மூன்றிலிருந்து தொடங்கும்.

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லைனின் கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. யாரோ எப்போதோ தங்கம் தேடித் தோண்டிப் பார்த்துவிட்டுப் போன இடம். இங்கே அப்படிப்பட்ட பள்ளங்கள் நிறைய உண்டு. யார் தோண்டியது என்று ஒருவரும் கேட்பதில்லை. மழைத் தண்ணீர் நின்ற அந்தப் பள்ளத்துக்கு அப்பா கல் வைத்துக் கரை கட்டினார். பேத்தமங்களா ஏரியிலிருந்து ஒரு பானையில் கெண்டைக் குஞ்சுகள் கொண்டுவந்து விட்டார். பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம். அதைக் குளம் என்று சொல்வது எங்கள் வீட்டுப் பெருமை.

அப்பா சுரங்கத்தில் பாறை விழுந்து இறந்தார். அன்று விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நின்றதை அம்மா பார்த்திருந்தாள். பார்த்தும் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றி அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே சட்டம்தான். மீன் மேலே வந்தால் அன்றைக்கு அண்ணன் இறங்கக் கூடாது.

பாதிரியார் வீட்டுக்கே வந்து கண்டித்துப் பார்த்தார். அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மீனை உண்டாக்கினது யாரு ஐயா? நம்ம சாமிதானே?" என்று கேட்டாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் நடந்த வருஷம் கோடையில் ஒரே மாதத்தில் மூன்று முறை மீன்கள் மேலே வந்தன. மூன்று நாள் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. நான்காவது முறை சொல்லாமல் நின்றால் பெயரை அடித்துவிடுவேன் என்று ஷிஃப்ட் மேஸ்திரி சொல்லி அனுப்பினார். பெயர் அடிபட்டால் வேலை போகும். வேலை போனால் லைன் வீடும் போகும். அம்மாவுக்கு அது தெரியும். "ரோட்ல படுத்துக்கலாம். உசுரோட படுத்துக்கலாம்" என்றாள்.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் கம்பவுண்டர் வேலை படித்துவிட்டு, பெண்கள் வார்டில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். எதையும் எழுதிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று அங்கே பழக்கியிருந்தார்கள். ஆகவே விடியல்தோறும் குளத்தைப் பார்த்து எழுதிவைத்தேன். முந்தின நாள் மேகமா வெயிலா, காற்று உண்டா இல்லையா, பாசி எவ்வளவு கனம், மீன் மேலேயா கீழேயா. ஐந்து வாரத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. பாசி தடித்து, காற்றும் அசையாமல், மேகமும் மூடியிருந்த நாளுக்கு மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்தன. பாசி பகலில் தண்ணீருக்கு மூச்சுக் கொடுக்கிறது. இருட்டில் அந்த மூச்சை அதுவே திருப்பி எடுத்துக்கொள்கிறது. மீன் காற்றுக்காக மேலே வருகிறது. சாவைச் சொல்ல வரவில்லை. பாசியை ஒழித்தால் மீன் கீழேயே இருக்கும், அண்ணன் வேலைக்குப் போவான். இதுதான் என் கணக்கு.

அம்மாவிடம் சொன்னேன். "உங்க ஆஸ்பத்திரி புத்தகத்துல உங்கப்பன் செத்ததுக்கும் எழுதியிருக்குதா?" என்று கேட்டாள். பிறகு நான் சொல்வதை நிறுத்திவிட்டுச் செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் கையால். நூல் பாசியைத் துடைப்பக் குச்சியில் சுற்றிச் சுற்றி இழுத்தேன். தலைமுடி மாதிரி நீளமாக வந்தது, சில சமயம் மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இறுகிப் பின் விட்டுக்கொடுத்தது. மூங்கில் தட்டியால் பாதிக் குளத்துக்கு நிழல் போட்டேன். கரையில் பாத்திரம் கழுவக் கூடாது, சோறு கொட்டக் கூடாது என்று சொன்னேன். இழுத்த பாசி மூன்றே நாளில் திரும்ப வந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரிச் சாக்கடையைக் கவனித்தேன். புண் கழுவும் மயில்துத்தத் தண்ணீரை ஊற்றும் இடத்துக்குக் கீழே மட்டும் பாசி பிடிப்பதே இல்லை. ஐந்து கண்ணாடி ஜாடிகளில் குளத்துத் தண்ணீரும் பாசியும் ஜாடிக்கு ஒரு சிறு மீனும் விட்டு, ஐந்து அளவில் மயில்துத்தம் கலந்து பார்த்தேன். இரண்டாவது ஜாடியில் பாசி செத்தது, மீன் உயிரோடு இருந்தது. அந்த அளவைக் குளத்துக்குப் பெருக்க வேண்டியதுதான் பாக்கி.

பெருக்குவதற்கு ஆழம் வேண்டும். தண்ணீர் பச்சையாக இருந்ததால் அடி தெரியவில்லை. கரையோரம் மூங்கிலை விட்டேன், இரண்டு அடி. பலகை போட்டு நடுவில் விட்டேன், பதினோரு அடி. குளம் சட்டி மாதிரி சரிந்திருக்கும் என்று நினைத்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன். மூன்று டிராம் வந்தது, ஒரு தோலா எடை. தராசில் இரண்டு முறை நிறுத்தேன். நிறுத்ததில் பிழையே இல்லை.

செவ்வாய் மாலை தண்ணீர் தெளிந்தபோது பிழை தெரிந்தது. குளம் சட்டி மாதிரி இல்லை, தாம்பாளம் மாதிரி இருந்தது. எங்கும் இரண்டே அடி. நடுவில் மட்டும் மூன்றடிச் சதுரமாக ஒரு கறுப்பு. பழைய குழியின் வாய். என் மூங்கில் அதற்குள் போயிருக்கிறது. அதன் ஓரத்தில் ஒற்றை மரக்கட்டை ஒன்று சாய்ந்து நின்றது. கால் வைக்க வெட்டிய படிகள் அதில் இருந்தன. நான்கு படிகளை எண்ண முடிந்தது. ஐந்தாவது இருட்டில் போய்விட்டது. நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் பின்னால், கீழே இறங்குவதற்கு ஏணி வைத்த வழி ஒன்று இத்தனை நாள் இருந்திருக்கிறது.

மீன்கள் அந்தச் சதுரத்தின் மேல் ஒரு முறைகூட நீந்தவில்லை. கரையைச் சுற்றியே போயின. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவைக்கு மூன்று பங்கு மருந்து போயிருக்கிறது, செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் மூச்சே மிஞ்சாது என்று அப்போதே புரிந்தது. பாதித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். குழாயில் கூட்டமாக இருந்தது. காலையில் செய்யலாம் என்று உள்ளே போனேன்.

காலையில் அம்மா எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். சுரங்கத்தின் முதல் சங்கு ஊதியபோது அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு மீன்களும் மேலே நின்றன, வட்டமாய் வாய்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. தெளிந்த தண்ணீரில் அவை காற்றில் தொங்குவது போல் இருந்தது.

"அப்படியே உங்கப்பன் போன அன்னிக்கு மாதிரியே" என்றாள் அம்மா.

"அம்மா, தண்ணி சரியில்ல. நான் இப்ப மாத்திடறேன்."

"நீ சும்மா இரு."

அண்ணன் தலையில் துணி சுற்றியபடி வந்து நின்றான். "இன்னிக்கு நான் போவலன்னா பேரு போயிடும்மா. மேஸ்திரி சொல்லிட்டாரு."

"போ. என்னைத் தாண்டிப் போ" என்று அம்மா கதவின் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

எதிர்வீட்டு மாமா பல்குச்சியோடு வந்தார். அவருக்கு அன்று ராத்திரி ஷிஃப்ட். அண்ணனுக்குப் பாறையில் ஓட்டை போடும் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதைவிட அவனைக் கேலி செய்வதில்தான் அவருக்கு ஆசை.

"இன்னா மாப்ளே, மீனு லீவு குடுத்திடுச்சா?"

"நீங்க வேற மாமா."

"இன்னாம்மா கம்பவுண்டரம்மா, அதுங்களுக்கு வயித்து வலியா பாரு. ஒரு டோஸ் ஊத்து."

நான் வாளியைத் தேடினேன். அவர் துப்பிவிட்டுக் கையை நீட்டினார். "பில்லையைக் குடு. ஒரு நாளைக்கி உன் நம்பர்ல நான் எறங்கறேன். ராத்திரி என் ஷிஃப்டுக்கு நீ போ. இருட்டுல மீனு ஒண்ணும் தெரியாது, உங்கம்மாவும் ஒண்ணும் சொல்லாது."

ஒருவன் பில்லையில் இன்னொருவன் இறங்குவது இங்கே வழக்கம். கல்யாணம், காய்ச்சல், சாவு, எதுவானாலும் அப்படித்தான். சுரங்க வாசலில் வருகை எழுதுகிறவர் எண்ணைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பதில்லை. அம்மா தடுக்கவில்லை. அவளுடைய சட்டம் தன் மகனுக்கு மட்டும்தான்.

மருந்து போட்டேன், அதனால்தான் மீன் மேலே வந்திருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா நம்பியிருக்க மாட்டாள். அண்ணன் நம்பியிருப்பான், நம்பினால் அம்மாவைத் தாண்டிப் போயிருப்பான்.

எனக்கு அந்த வாரம் பிற்பகல் வேலை. காலை முழுவதும் குளத்துத் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். பதினொரு மணிக்குக் குளத்தின் நடுவில் ஒரு வளையம் எழுந்தது. சதுரத்தின் மேலிருந்து கரையை நோக்கி வந்தது, கரையிலிருந்து வரவில்லை. பிறகுதான் காலுக்கடியில் இடி. ஏர் பிளாஸ்ட் என்போம், ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தானே வெடிப்பது. தட்டுகள் அலமாரியிலிருந்து விழுந்தன. குழிக்குள்ளிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் மேலே வந்தன. மீன்கள் பதினான்கும் ஒன்றாகக் கீழே இறங்கின. புதுத் தண்ணீர் வேலை செய்ய அவ்வளவு நேரமாகும். என் குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டன என்று லைனில் சொல்கிறார்கள்.

ஷாஃப்ட் வாசலில் எண்களைக் கூப்பிட்டார்கள். அண்ணன் கூட்டத்தில் நின்று தன் எண் கூப்பிடப்படுவதைக் கேட்டான். மாமாவின் உடலை மேலே கொண்டுவந்தபோது இடுப்பில் அந்தப் பில்லை இருந்தது. எழுதுகிறவர் அண்ணனின் பெயரை இறந்தவர் பட்டியலில் எழுதிவிட்டார். அது நான் இல்லை, நான் இங்கே இருக்கிறேன் என்று அண்ணன் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. பெயரை அடித்து மாமாவின் பெயரை எழுதினார்கள். எப்படியும் அண்ணனின் பெயர் ஒரு முறை அடிபட்டுவிட்டது.

நாற்பது நாள் பொறுத்து மாமாவின் மனைவியிடம் போனேன். அத்தை முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். மயில்துத்தம், ஜாடிகள், மூங்கில், மூன்று டிராம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"அப்போ அன்னிக்கு மீனு மேல வந்தது உன்னாலதான்."

"ஆமாம் அத்தை."

"நீ மருந்து போடலன்னா வந்திருக்காது."

"வந்திருக்காது."

"உன் அண்ணன் போயிருப்பான்."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்போ சொன்னது மீனு இல்ல கண்ணு. நீதான் சொல்லியிருக்கே" என்றாள்.

இல்லை என்பதற்கு என்னிடம் ஐந்து வாரக் குறிப்பும் ஐந்து ஜாடிகளின் கணக்கும் இருந்தன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். எடுத்துக் காட்டவில்லை.

இப்போது முதல் சங்குக்கு முன் லைனின் பாதிப் பெண்கள் எங்கள் பின்புறத்துக்கு வந்து குளத்தைப் பார்த்துவிட்டுத்தான் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஆகவே மீன் மேலே வரக் கூடாது. வந்தால் இருபது வீட்டு ஆண்கள் நின்றுவிடுவார்கள், அல்லது இருபது பில்லைகள் கை மாறும். பாசி துளிர்க்கும் முன்பே துடைப்பக் குச்சியால் இழுத்துவிடுகிறேன். வாரம் இரண்டு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுகிறேன். மயில்துத்தத்தைத் தொடுவதில்லை. குலுங்கிய நாளுக்குப் பிறகு தண்ணீர் ஒரு சாண் குறைந்தது, எவ்வளவு ஊற்றினாலும் பழைய அளவுக்கு நிற்பதில்லை. அந்த மரக்கட்டையில் இப்போது ஐந்து படிகள் தெரிகின்றன.

அத்தையும் வருகிறாள். மற்றவர்கள் குனிந்து தண்ணீரைப் பார்க்கும்போது அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். என் முகம் மாறாதிருந்தால் தலையை ஆட்டிவிட்டு, தன்னோடு இருக்கும் தம்பியை ஷிஃப்டுக்கு அனுப்புகிறாள். முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன். காய்ச்சல் வந்த நாளிலும் எழுந்து போய் நின்றேன்.

இன்றைய நிலவரம்: குளத்தில் மிஞ்சியிருப்பது பதினொரு மீன்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, பாசி இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் காலை ஷிஃப்டுக்குத் தன் பில்லையில் தானே இறங்கியிருக்கிறான்.