லைக்லிஹுட் என்ற சொல்லின் முதல் பொருள்

மத்திய நியூஜெர்சியில் ஒரு மருந்து கம்பெனியில் பதினோரு வருடங்களாக நான் பார்க்கும் வேலை, ரிஸ்க் அறிக்கைகள் எழுதுவது. ஒரு மெஷின் நின்றுபோனால், ஒரு புட்டியின் மூடி சரியாக மூடாமல் போனால் என்ன ஆகும் என்று அட்டவணை போடவேண்டும். அதில் ஒரு கட்டத்தின் தலைப்பு 'லைக்லிஹுட்'. அந்தத் தவறு நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை அங்கே நிரப்பவேண்டும். தினமும் எத்தனையோ தடவை டைப் செய்த சொல். அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, டெக்சாஸில் காப்பெலில் இருக்கும் அண்ணி கூப்பிட்டார்.

"உங்கண்ணன் கராஜ் கதவுலயே கார இடிச்சுட்டாரு கண்ணு. இந்த மாசத்துல ரெண்டாவது தடவ. என்னாச்சுங்கன்னு கேட்டா கத்தறாரு. நீ ஒருக்கா வந்து பேசிப் பாரு."

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இன்னும் என்னைப் 'பாப்பா' என்றே கூப்பிடுபவர். குரலை உயர்த்திப் பேசாதவர். அடுத்த வாரமே கிளம்பிப் போனேன். என் பெட்டியை வாங்குவதற்காக வீட்டுக்குள்ளிருந்து, கார் நிற்கும் டிரைவ்வேயில் இறங்கி வந்தார். ஒரு கால் தரையில் இருக்க, இன்னொரு கால் எங்கே வைப்பது என்று தெரியாததுபோல் ஒரு கணம் தயங்கிவிட்டு இறங்கியது. வலது கை விரல்கள் சும்மாவே அசைந்துகொண்டிருந்தன. அது அப்பாவின் நடை.

ஈரோட்டில் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தார். நாற்பத்தைந்து வயதில் அவருக்குக் கால்கள் இப்படித் தடுமாற ஆரம்பித்தன. குடிக்கிறார் என்று ஊர் முடிவு செய்தது. அம்மாவும்தான். சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி, வாயை ஊதச் சொல்லுவார். வாடை எதுவும் இருக்காது. "எதையோ மென்னுட்டு வந்து மறைக்கிறீங்க" என்பார். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, அப்பா பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். அண்ணன் ஓடிப் போய், சட்டையைப் பிடித்துத் தூக்கி, அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அப்போதே அப்பாவுக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இறந்தார். குடித்தே போய்விட்டார் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டாலஸில் ஒரு நரம்பு மருத்துவரிடம் அண்ணனைக் கூட்டிப் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது நான் மறுபடியும் போயிருந்தேன். பரம்பரை நோய்கள் பற்றி விளக்கிச் சொல்வதற்கென்றே ஒரு இளம் அமெரிக்கப் பெண் இருந்தார். அண்ணனுக்கு வந்திருப்பது மூளை நரம்புகளை மெல்ல அழிக்கும் நோய், அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், தடுத்து நிறுத்த மருந்து கிடையாது என்று அவர் நிதானமாகச் சொன்னார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பி, "அப்ப, அப்பா குடிக்கல" என்றார்.

தமிழ் தெரியாத அந்தப் பெண் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, எனக்கும் இந்த நோய் இருப்பதற்கான லைக்லிஹுட் பாதிக்குப் பாதி என்றார். எனக்கு இருந்தால் என் மகளுக்கும் அப்படியே. பத்து நிமிடத்துக்குள் அந்தச் சொல்லை நாலைந்து முறை சொல்லியிருப்பார்.

காரில் திரும்பும்போது அண்ணி ஓட்டினார். அண்ணன் முன் சீட்டில் இருந்தார்.

"பாப்பா, நான் அவர அடிச்சேன்ல."

"உனக்கு என்னண்ணா தெரியும் அப்ப."

"அவருக்கும் தெரியாதே. தனக்கு என்னன்னு தெரியாமயே அடி வாங்கிட்டுப் போயிட்டாரு."

அன்று மாலையே அண்ணன் ஈரோட்டில் இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் சித்தப்பா, "சரி உடுப்பா, போய்ச் சேர்ந்தவரப் பத்தி இப்ப எதுக்கு. ஒடம்பப் பாத்துக்க" என்றார். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அதற்கப்புறம் அண்ணன் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

நியூஜெர்சியில் என் வீடு இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குத் திரும்பி வந்த வாரம், கல்லூரியிலிருந்து மகள் வந்திருந்தாள். என் கணவர் இறந்தபிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஆங்கில மொழியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தாள். கோயிலில் பார்க்கும் ஆன்ட்டிகள் எல்லாம், அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில், "அப்படியே உங்கள உரிச்சு வெச்ச மாதிரி இருக்கா" என்பார்கள். மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும், ஏதோ ஒன்றைப் பேசவேண்டுமே என்று கேட்டேன்.

"லைக்லிஹுட்ங்கற வார்த்த எங்கிருந்து வந்துச்சுடி?"

அவளுக்கு உற்சாகமாகிவிட்டது. லேப்டாப்பில் கல்லூரி நூலகத்தின் பெரிய அகராதியைத் திறந்தாள். அதில் முதல் பொருளுக்கு முன்னால் சின்னதாக ஒரு கத்திக் குறி இருந்தது. வழக்கொழிந்த பொருள் என்பதற்கான அடையாளம்.

"இட் யூஸ்ட் டு மீன் ரிசெம்ப்ளன்ஸ், அம்மா. லைக், யூ அண்ட் மீ."

பல நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல்லுக்குச் சாயல் என்று பொருள் இருந்திருக்கிறது. மகன் அப்பாவின் ஜாடையில் இருந்தால் அதற்கு அந்தச் சொல். பின்னால் உண்மையின் சாயலில் இருப்பது, உண்மையாக இருக்கக்கூடியது என்று நகர்ந்து, வாய்ப்பு என்ற பொருளில் வந்து நின்றது. பழைய பொருள் செத்துப்போனது. இன்னும் பின்னால் போனால் பழைய ஆங்கிலத்தில் 'லிக்' என்று ஒரு சொல். அதற்கு உடல் என்று பொருள். 'லைக்' என்றால் ஒரே உடல் கொண்டது. 'லி' என்ற விகுதியும் அதே சொல்லிலிருந்து தேய்ந்து வந்ததுதான் என்றாள் மகள். ஆக, அந்த ஒரு சொல்லுக்குள் உடல் இரண்டு தடவை இருக்கிறது. தனியாக நின்ற 'லிக்', நாளாக ஆக பிணத்தை மட்டும் குறிக்க ஆரம்பித்து, அதுவும் வழக்கொழிந்தது. அடக்கத்துக்குக் கொண்டுவரும் உடலை இறக்கி வைக்கும் பழைய தேவாலய வாசல்களின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் அந்தக் கத்திக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒய் ஆர் யூ ஆஸ்கிங் மீ திஸ்?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னால் முடியவில்லை. அப்பாவின் நடை, அண்ணனின் நடை, பாதிக்குப் பாதி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு, மாடிக்குப் போனாள்.

நான் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கும் இருக்கிறது. மகளிடம் போனில் சொன்னபோது, "ஓகே" என்றாள். பிறகு, "ஐ டோன்ட் வான்ட் டு நோ மைன், அம்மா. ப்ளீஸ் டோன்ட் ஆஸ்க்" என்றாள். சரி என்றேன்.

அண்ணன் இப்போது சக்கர நாற்காலியில். விழுங்கச் சிரமப்படுவதால் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கி ஸ்பூனில்தான் அண்ணி கொடுக்கிறார். போன மாதம் போயிருந்தேன். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கும் அண்ணிக்கும் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னோம். அவர் முயற்சி செய்யவில்லை. எனக்கு இடது காலில் ஆரம்பித்துவிட்டது. ஆபீஸில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை.

மகள் படிப்பு முடிந்ததும் வேலை தேடிக்கொண்டு கலிஃபோர்னியாவில் பே ஏரியாவுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். என்ன சமைத்தாய், மழை பெய்ததா என்று பேசுகிறோம். வீடியோவில் அவள் முகம் வருவதில்லை. கேமரா ரிப்பேர் என்று முதலில் சொன்னாள். இப்போது அதையும் சொல்வதில்லை. நானும், என் முகத்தில் அவள் தன்னைத் தேடவேண்டாம் என்று, என் கேமராவை அணைத்து வைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.