மீன் கடைக்காரர் பார்த்த கை

வீட்டு மீன்தொட்டியில் நான் வளர்க்கும் உயிர்ப் பவளம் சுருங்கிய அன்று மீன்கள் நிம்மதியாகத்தான் நீந்தின. எனக்குத்தான் பயம் வந்தது. தொட்டியின் உப்புத்தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு, உறவினரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதுபோல் கிள்ளானில் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். தோளில் ‘குட்மார்னிங்’ என்று அச்சடித்த வெள்ளைத் துண்டு. எதைத் தொடுவதற்கு முன்னும் அதில் கையைத் துடைத்துக்கொள்வார். கண்ணாடிக் குழாயில் என் தண்ணீரை ஊற்றி சோதனை மருந்து விட்டார். தண்ணீர் சிவந்தது.

“நைட்ரேட் ரொம்ப ஏறிடுச்சு அண்ணே. இப்படியே விட்டா பவளம் செத்துரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பாடு போடுறீங்க?”

“ஒரே தடவைதான் பாஸ்.”

அவர் என் விரல்களைப் பார்த்தார். நகக்கண் முழுக்க மீன் தீனித் தூள்.

“நடுவுல பயம் வந்தா இன்னும் கொஞ்சம் போடுவீங்களோ?”

“கொஞ்சமாத்தான். பசியா இருக்கும்லா, பாவம்.”

“மிச்சத் தீனி அழுகித்தான் நைட்ரேட் ஏறுது. இனி பயம் வந்தா நீங்க ரெண்டு பிஸ்கட் சாப்பிடுங்க.”

தீனி டப்பாவை மனைவியிடம் ஒப்படைத்தேன். வாரம் தவறாமல் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புத்தண்ணீர் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் பவளம் விரிந்தது. என் இடுப்பும்தான்.

மறுபடியும் போத்தலோடு போனேன். அவர் துண்டில் கையைத் துடைத்தார். ஆனால் போத்தலை வாங்கவில்லை.

“முதல்ல கையக் காட்டுங்க அண்ணே.”

காட்டினேன். விரல்களில் பிஸ்கட் தூள் மட்டும்தான் இருந்தது. தலையாட்டிவிட்டுப் போத்தலை வாங்கினார்.

பிரிக்பீல்ட்ஸில் எத்தனையோ ஜோசியர்களிடம் கையை நீட்டியிருக்கிறேன். சரியாகச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.