முல்தெப் பழம் இருந்த இடம்

கையில் மீன் வாசம்... சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாலும், தேசிக்காய் தேய்த்தாலும் போகாது. கையுறைக்குள்ளே விரல்கள் விறைத்து, கத்தி கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

நோர்வேயின் வடக்கு நுனியில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊர். மரம்கூட வளராத குளிர். அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில்தான் என் முதல் வேலை. வயது இருபத்திநாலு. எட்டுத் தமிழ்ப் பெடியள் ஒரே வீட்டில் இருந்தோம். தொழிற்சாலையில் கழிக்கிற காட் மீன் தலைகளை அள்ளிக்கொண்டு வந்து, ஊரிலிருந்து வந்த கறித்தூளைப் போட்டுக் குழம்பு வைப்போம். ஒருவனுக்கு ஒரு ஆப்பிள் கிடைத்தாலும் எட்டாக வெட்டுகிற வீடு அது.

வெட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் இங்கெர். என் வயதுதான் இருக்கும். என் அரைகுறை நோர்வேஜிய மொழியைச் சிரிக்காமல் கேட்கிற ஒரே ஆள். எங்கள் மீன் தலைக் குழம்பையும் ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்தாள். மூக்கு ஒழுக ஒழுக இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ரப்பர் சப்பாத்து இருக்கோ? போட்டுக்கொண்டு வா," என்றாள்.

சின்ன மோட்டார் படகு. கோடை என்று பெயர், காற்று காதை அறுத்தது. அக்கரையில் இறங்கி ஒரு மணி நேரம் சதுப்பு நிலத்தில் நடை. கால் புதைந்து புதைந்து எழும்பியது. நுளம்பு முகம் முழுக்க மொய்த்தது. வழியில் இரண்டு தரம் நின்று திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு மேட்டைத் தாண்டியதும் நிலம் முழுக்கச் செம்மஞ்சள்...

முல்தெப் பழம். ஒரு செடிக்கு ஒரே ஒரு பழம்தான். வாயில் போட்டால் முதலில் புளிப்பு, பிறகு தேன், கடைசியில் பல்லில் நறுக்கென்று விதை.

"நத்தார்ப் பண்டிகைக்கு இது இல்லாட்டி அம்மாவுக்குச் சரிவராது," என்றாள். பழுத்ததை மட்டும் ஆய்ந்தோம். சிவந்து இறுகிக் கிடந்த காய்களைத் தொட விடவில்லை. அது அடுத்த கிழமைக்காம்.

யாருக்கும் சொல்லாதே என்று அவள் சொல்லவில்லை. அந்த ஊரில் அதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கோ, நல்லது ஒன்றைக் கண்டால் வீட்டில் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை ஒரு படகை இரவல் வாங்கி, ஐந்து பேர் பெயின்ட் வாளிகளோடு போனோம். பழம், காய் என்று பார்க்கவில்லை. வழித்துத் துடைத்தோம். பெடியள் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வர, நான்தான் முன்னுக்கு நின்று வழி காட்டினேன்.

அதைவிட வெட்கம் அடுத்தது. நிறைந்த வாளி ஒன்றை இங்கெர் வீட்டுக்கே கொண்டுபோனேன்... பெரிய சந்தோஷத்தோடு.

வாளிக்குள் பார்த்தாள். பாதிக்கு மேல் சிவப்புக் காய்.

"எங்க ஆய்ஞ்சனீ?"

"நீ காட்டின இடத்திலதான். பெடியளையும் கூட்டிக்கொண்டு போனனான்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. வாளியை வாங்கிக்கொண்டு, "நன்றி" என்று கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்தால், வேலை முடிந்து வந்த சிவம் அண்ணை மற்ற வாளிகளைப் பார்த்தபடி நிற்கிறார். எங்கள் எட்டுப் பேரில் மூத்தவர், எங்களுக்கு ஆறு வருஷம் முந்தியே அந்த ஊருக்கு வந்தவர். நடந்ததைச் சொன்னேன்.

"அது அவையின்ர குடும்பத்து இடமடா. இஞ்ச மருமகனுக்குக்கூடச் சொல்லமாட்டினம். உன்னை நம்பிக் காட்டியிருக்கிறாள்."

அந்த வாளிகளிலிருந்து ஒரு பழம்கூட நான் எடுக்கவில்லை.

பிறகும் இரண்டு வருஷம் அவள் என் பக்கத்தில் நின்றுதான் மீன் வெட்டினாள். கத்தியைத் தா, பெட்டி நிறைஞ்சிட்டுது... அவ்வளவுதான் பேச்சு. அவர்களுடைய மொழியில் மன்னிப்புக்கு எனக்கு ஒரு சொல்தான் தெரியும், காலை மிதித்தால் சொல்கிற சொல். அதைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைக்கக் கூசியது. சொல்லாமலே அந்த ஊரை விட்டு வந்துவிட்டேன்.

இப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்து. மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு, மோர்ட்கேஜ், முட்டி வலி. போன வருஷம் பெப்ரவரியில், கூட வேலை செய்கிறவர் ஒருவர் ஹென்டர்சனுக்கு அப்பால், பிளாக்பெரி பழுக்கிற ஓர் ஓடைக்கரையைக் காட்டினார். அவரும் யாருக்கும் சொல்லாதே என்று சொல்லவில்லை.

ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கொண்டுவந்தேன்.

"இஞ்சாருங்கோ, எங்க ஆய்ஞ்சனீங்கள்? கோயில் ஆக்களையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போவமே?" என்றாள் மனைவி.

"சொல்லமாட்டன்."

"எனக்குமோ?"

"ஓம்."

"டாட், யூ ஆர் சோ வியர்ட்," என்றாள் மகள்.

வாயைக் கட்டி வைத்திருக்க இப்போது நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு வாளியோடு என் பின்னால் வந்த பெடியள் ரொறன்ரோ, லண்டன் என்று சிதறிப்போனார்கள். சிவம் அண்ணை இப்போது இல்லை. சொல்லாமல் இருக்கப் பழகின நேரம், ஓடிப்போய்ச் சொல்வதற்கு ஆளில்லை...

இந்த வருஷமும் தனியாகப் போனேன். ஓடைக்கரையில் இறங்குவதற்கு முதல் நின்று, இங்கெரைப் போலவே இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் ஒருவரும் வரவில்லை.