கியர் சைக்கிளின் கர்ரக் சத்தம்

‘கர்ரக், கர்ரக்’ என்று இரும்பில் இரும்பு உரசும் சத்தம், பெடலை மிதிக்கும்போதெல்லாம் என் வலது கணுக்காலுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, திருத்தணி வரை ஆறு கிலோமீட்டரும் கூடவே வரும்.

தறி நெய்யும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஊர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஒன்பதாவதுக்குத் திருத்தணி போக வேண்டும், பஸ் நேரமோ ஒத்துவராது. அதனால் நைனா, எங்கள் அப்பா, அரக்கோணத்தில் ஒரு பழைய கியர் சைக்கிளை வாங்கினார். வரும் வழியிலேயே திருத்தணி மலையடிவாரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூஜை போட்டு, சீட்டுக்குக் கீழே கோயில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். விற்றவர் ஓட்டிக் காட்டியபோது சத்தமே இல்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்தார். எனக்கு முதல் நாளே கேட்டது.

பஜாரில் கடை வைத்திருந்த மெக்கானிக் பாய் குனிந்து பார்த்து, “இது சைக்கிள் இல்லம்மா, கடிகாரம்” என்றார். பெடலுக்கு மேலே, பெரிய பல்சக்கரத்துக்கும் சின்னதுக்கும் செயினைத் தள்ளிவிட ஒரு தகடு இருந்தது. செயின் அதில்தான் உரசியது. அதை நகர்த்தப் பாய் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினார். சத்தம் போகவில்லை, கூடவே குழியில் இறங்கினால் செயின் கழன்று உள்பக்கம் விழவும் தொடங்கியது. ஒருநாள் சிக்கிய செயினை எடுக்க முடியாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கிரீஸ் கையும் கிழிந்த சீருடையுமாக வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள்.

“இன்னொரு தபா நீ வழியில நின்னுகினு இருந்தா, அதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. தறிக்கு வந்துடு” என்றார் அம்மா. நைனா சைக்கிளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தறிப் பக்கம் போய்விட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வாசலில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தேன். மறுநாள் போயாக வேண்டும். ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பியும் தகடு அசையவில்லை. அப்படியானால் தகட்டை வெளியே இழுத்துப் பிடித்திருப்பது ஸ்க்ரூ இல்லை, வேறு ஏதோ ஒன்று. தகட்டை இழுக்கும் கியர் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்குக் கீழே விரல் நின்றது. நைனா கட்டிய கயிறு, சட்டத்தோடு ஒயரையும் சேர்த்து இறுக்கியிருந்தது. முடிச்சைக் கொஞ்சம் நெகிழ்த்திப் பிடித்துப் பெடலைச் சுற்றினேன். சத்தம் இல்லை. விட்டேன், ‘கர்ரக்’.

கத்தரிக்கோலோடு வந்தபோது நைனா நின்றிருந்தார்.

“அத்த கீழ வை. சாமி கயிறு.”

“இதான் நைனா ஒயர இழுத்துகினு கீது.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவர் பெடலைச் சுற்றச் சொன்னார். தறிச் சத்தத்தை வைத்தே எந்த இழை அறுந்தது என்று சொல்பவர், முடிச்சை நெகிழ்த்தி ஒருமுறை, விட்டு ஒருமுறை கேட்டார்.

“கட்டனது நானு. நானே அவுக்கறேன்.”

மழையில் இறுகிய முடிச்சை நகத்தால் நெம்பி, ஒரு இழையும் அறாமல் அவிழ்த்தார். நான் பாய் தளர்த்திய ஸ்க்ரூவை முடுக்கினேன். அம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் போகும்போதும் வரும்போதும் செயின் விழவில்லை. ஒவ்வொரு குழியையும் மூச்சைப் பிடித்துத்தான் கடந்தேன். நடந்ததைக் கேட்ட பாய், “சாமி மேல பழி போடாத. உங்க நைனா முடிச்ச சொல்லு” என்று சிரித்தார்.

அந்தச் சைக்கிள் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதே திருத்தணியில் இப்போது நான் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். போன மாதம் ஸ்கூட்டர் வாங்கினேன். மலையடிவாரத்தில் பூஜை முடிந்ததும், யாரையும் எதுவும் கேட்டுப் பழகாத நைனா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எங்க கட்றது, நீயே சொல்லு.”

ஒயர் எதுவும் ஓடாத, பக்கக் கண்ணாடியின் கம்பியைக் காட்டினேன்.