டார்பிக்குப் பெயர் வைத்தவர்கள்

டென்மார்க்கில் பக்கத்து வீட்டுக்காரியும் நாள் குறித்துத்தான் வருவாள். ரண்டர்ஸில் என் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் கிர்ஸ்டன். செவ்வாய் மூன்று மணிக்குக் கோப்பி என்றால் மூன்றுக்குத்தான் மணி அடிப்பாள். முந்தி வந்தால் வெளியே நிற்பாள். முன்பு சிரிப்பேன், இப்போது நானும் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் கேத்திலை அடுப்பில் வைக்கிறேன்.

ஒரு செவ்வாய் அவள் வந்தபோது என் முகம் சரியில்லை. இங்கே வளர்ந்த என் ஒரே மகள் வசந்தி, நாலு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். டார்பி என்ற ஊர். அன்று காலை தொலைபேசியில் சொன்னாள்:

"அம்மா, அந்த வீட்டை விட்டிட்டு என்னோட வந்து இருங்கோ. அப்பாவும் இல்லை, தனிய என்னத்துக்கு?"

"என்னைக் கேட்டோ முடிவெடுத்தனி? அங்க எனக்கு ஆர் இருக்கினம்?"

"அப்ப நான் ஆர்?" என்று வைத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தை விட்டபோதும் என்னை யாரும் கேட்கவில்லை. முன்னமே இங்கே வந்திருந்த என் மனுசன் விசா அனுப்பினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பிறகு இறைச்சித் தொழிற்சாலையில் கால் வீங்க நின்று உண்டாக்கிய வீடு இது. இதையும் இன்னொருவர் சொன்னதற்காக விட்டுப்போவதோ?

கிர்ஸ்டன் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். என் உடைந்த டெனிஷில் நடந்ததைச் சொன்னதும், "டார்பியா? அது நாங்கள் வைத்த பெயர்!" என்றாள். நான் விடவில்லை: "இல்லை, அது இங்கிலாந்து." அவள் சிரித்து விளக்கினாள். ஆயிரம் வருடத்துக்கு முன் டெனிஷ்காரர் கப்பலேறிப் போய் அங்கே குடியிருந்தார்களாம். பெயரின் முன்பாதி மான், பின்பாதி ஊர். 'பி' என்று முடிகிற ஊர்கள் அங்கே இன்னும் கனக்க உண்டாம். தன் கூடப்பிறந்தவர்களை அனுப்பிவைத்தவள்போலத்தான் சொன்னாள்.

போன இடத்துக்குத் தங்கள் பேச்சிலேயே பெயர் வைத்த அந்தத் துணிவு எனக்குப் பிடித்துப்போனது. நாங்களோ வந்த இடத்தில் எங்கள் பெயரையே வெட்டிக் கொடுத்தோம். செல்வராணியான நான் இங்கே வெறும் ராணி.

"ஒரு மாதம் போய்ப் பார். வீடு எங்கும் ஓடாது," என்றாள் கிர்ஸ்டன். வீட்டைப் பூட்டி, திறப்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

டார்பியில் ஒரு தமிழ்க்கடைக்கு வசந்தியோடு போனேன். வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற பெண் கேட்டாள்:

"அம்மா எந்த ஊர்?"

எங்கள் ஆட்கள் பெயருக்கு முன்பே கேட்பது இதைத்தான். நான் பிறந்த இளவாலை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "ரண்டர்ஸ்" என்று வந்தது.

"அது எங்க, வன்னிப் பக்கமோ?"

"இல்லைப் பிள்ளை. இன்னும் வடக்கால."

வசந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப வீட்டை விடமாட்டியள்."

"மாட்டன். வருசத்தில மூண்டு மாதம் உன்னட்ட வாறன். நீ கூப்பிட்டு இல்லை, நானா வாறன்."

 அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கும் ஆரும் ஊர் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"கேக்கிற ஆளைப் பாத்துச் சொல்லுவன்."