பதிவாகிறது என்று முன்கூட்டியே சொன்னேன்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் பால் சங்கத்தில் காலை ஐந்தரைக்கு அளவை தொடங்கும். பாலின் தரம் பார்த்துச் சீட்டில் எழுதுவது என் வேலை. கை எப்போதும் ஈரமாக இருப்பதால், அழைப்பு வந்தால் சுண்டுவிரலால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவேன். அந்தப் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

மாடு வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியிருந்தேன். மாடு மடிநோயில் கிடந்த இரண்டு மாதமும் தவணை கட்டவில்லை. ஒரு நாள் ஐந்து ஐம்பதுக்கு வசூல்காரர் அழைத்தார். வரிசையில் பதினொரு பேர் நின்றிருந்தார்கள்.

"யோவ், சோறுதான் திங்கறயா? நாளைக்குள்ள கட்டலீன்னா உங்க சங்கத் தலைவருக்கே போனப் போடுவேன். கடன்காரன் கையில எதுக்குய்யா பால் சீட்டுன்னு கேப்பேன்."

முதலில் நின்ற பெண் பால் தூக்கை நீட்டினாள். "அண்ணா, அவரு சூட்டுக்கு இங்கியே பால் பொங்கிரும். சுருக்கா அளந்துருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த சீட்டில் ஓர் எண்ணை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. பதினெட்டு வருடத்தில் அதுவே முதல்முறை. என் எழுத்தை நம்பித்தான் அத்தனை பேரும் பால் ஊற்றுகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் வேலையும் போகும்.

அன்றுமுதல் ஒவ்வோர் அழைப்பையும் நாட்குறிப்பில் எழுதினேன். ஒன்பது நாளில் ஆறு அழைப்பு. அதில் நான்கு, எட்டு மணிக்கு முன்பு. பாலக்காட்டுச் சித்தூரில் எனக்குத் தெரிந்த வக்கீலிடம் அதைக் காட்டினேன்.

"காலையில எட்டு மணிக்கு முன்ன கூப்பிடறதே விதிக்கு விரோதமுங்க," என்றார். "ஆனா இது உங்க எழுத்து. அவன் குரல் வேணும். பதிவு பண்ணுங்க."

"அவருக்குத் தெரியாம பண்றது குத்தமில்லீங்களா?"

"நீங்க பேசற பேச்ச நீங்களே பதிவு பண்ணுனா பொதுவா குத்தமாகாதுங்க. அடுத்தவங்க ரெண்டு பேரு பேசறத ஒட்டுக் கேட்டாத்தான் வம்பு. கோர்ட்டுல கட்டாயம் ஏத்துக்குவாங்கன்னு சொல்ல மாட்டேன். நிறுவனத்து மேல பராதி, அதான் புகாரு, எழுதி அதோட சேத்துக் குடுங்க. ஊருக்குப் பரப்பாதீங்க."

பஸ்ஸில் வரும்போது அந்தப் 'பொதுவா' என்னை உறுத்தியது. ஒளிக்க எதுவும் இல்லையென்றால் சொல்லிவிட்டே செய்யலாமே என்று தோன்றியது. மறுநாள் ஐந்து நாற்பத்தைந்துக்குப் போன் அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பதிவை அழுத்தினேன்.

"வணக்கமுங்க. இந்தப் பேச்சு பதிவாகுதுங்க. மணி இப்ப அஞ்சு நாப்பத்தஞ்சு. சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஓர் இருமல். "ஐயா, நல்லா இருக்கீங்களா? மாடு எப்படீங்க இருக்குது?"

வரிசை முழுவதும் குலுங்கிச் சிரித்தது.

பதிவைக் கேட்ட வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "சொல்லிப்போட்டுப் பதிவு பண்ணுனா எவன் திட்டுவான்? இதப் பராதியில சேத்தா அவனுக்கு நற்சான்றுதான் கிடைக்கும்!"

பராதி கொடுக்கவில்லை. ஆனால் அதன்பின் எட்டு மணிக்கு முன் அழைப்பு வரவே இல்லை. சங்கத் தலைவருக்கு வசூல்காரர் சொல்லும் முன் நானே சொல்லிவிடலாம் என்று, பதிவு செய்த அன்று மாலையே போய்க் கடனைப் பற்றிச் சொன்னேன்.

"மாட்டுக்குத்தானே கடன் வாங்குனீங்க? இங்க வர்றதுல பாதிப் பேரு அப்படித்தான். போயி சீட்டப் பாருங்க," என்றார் அவர்.

மாடு தேறியது. நிலுவையைக் கட்டிய அன்று பத்து மணிக்கு வசூல்காரர் அழைத்தார்.

"ஐயா, பணம் ஏறிருச்சுங்க. அப்பறம், அன்னைக்கு நான் மாட்ட விசாரிச்சனே, அந்தப் பதிவு இருக்குதுங்களா? நான் மரியாதையாப் பேசறதில்லைன்னு மேனேஜர் திட்டறாருங்க. அனுப்புனீங்கன்னா காட்டிருவேன்."

"பரப்பக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காருங்க."

"சரிங்க. இதுவும் பதிவாகுதுங்களா?"

"ஆகுதுங்க."

"அப்படீன்னா, மாடு எப்படீங்க இருக்குது?"

"இன்னைக்குக் காலையில ஆறே கால் லிட்டருங்க," என்றேன். அளந்து சொன்ன கணக்குதான்.