சித்தப்பாவின் மெஷின் தண்டு ஆடாத மத்தியானம்

என் சித்தப்பா இமானுவேல் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில் தொற்றிக்கொண்டிருப்பார். யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓட வசதியாக. யாரும் கூப்பிடாவிட்டாலும் ஓடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது மூன்று தடவையாவது வெளியே போய் பைக் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

மானகிரியில் அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. நடுவில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் சவுதிக்குப் போய் எட்டாவது மாதம் திரும்பி வந்தார். கேட்டால், "அங்க நடக்க இடமில்லடா" என்றார். பாலைவனத்தைச் சொல்கிறார். வரும்போது கொண்டுவந்தது ஒரு பழைய மெட்டல் டிடெக்டர். காட்டில் விழுந்த கலப்பைக் கொழு, அறுவடை மெஷினின் பல், களை எடுக்கும்போது கழன்ற கம்மல் எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போவதற்கு முன்னால் நான் போய்ச் சில சோடா மூடிகளைப் புதைத்துவிட்டு வருவேன். ஒரு கடலைக்காட்டில் பதினேழு மூடி எடுத்தவர், "இந்தக் காட்டுல எவன்டா இம்புட்டு சோடா குடிச்சான்" என்று ஒரு வாரம் யோசித்தார்.

போன மாதம் அதன் அடிநுனியில் தரையைத் தடவிப் பார்க்கும் வட்டத் தட்டை, அவர் பாஷையில் காயிலை, பெரிதாக ஒன்று வாங்கி மாட்டினார். பழையது தோசைத் தட்டு அளவு. புதியது புரோட்டாக் கல். ஆழமாகப் பார்க்கும். ஆனால் கைப்பிடியிலிருந்து காயில் வரை போகும் தண்டு பழையதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பொன்னுத்தாயி பெரியம்மா கடைக்கு வந்தார். எங்கள் எதிர்வீடு. கண்டனூரில் ஒரு பெரிய வீட்டைக் கல்யாணத்துக்குத் திறக்கும்போதெல்லாம் கூட்டித் துடைப்பது அவர்தான். அன்று வாசல்படியிலேயே நின்றார்.

"தம்பி, அந்த மெஷின எடுத்துக்கிட்டு வாரீகளா?"

அந்த வீட்டுக் கல்யாணம் முடிந்து இரண்டு நாள். பெண்ணுக்குத் தாலியாகக் கட்டிய கழுத்துருவைப் பிரித்துப் பெட்டியில் வைக்கும்போது, அதில் கோத்திருந்த தங்க உருக்களில் ஒன்று குறைந்திருக்கிறது. பந்தலில் பரப்பிய மணலைக் கூட்டி அள்ளியது பெரியம்மா. யாரும் அவரை எடுத்தாயா என்று கேட்கவில்லை. பையைக் கொஞ்சம் காட்டு என்று மட்டும் கேட்டார்கள். அந்த வீட்டு ஆச்சியின் மகன் கார்த்திகேயன், நாலு மணிக்கு வேன் கிளம்புவதற்குள் கிடைக்காவிட்டால் போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லியிருந்தார்.

"காட்டுனீகளா?" என்றார் சித்தப்பா.

"காட்டுனேன். ரெண்டு லட்டு இருந்துச்சு."

சித்தப்பா அதற்குள் பைக்கில் இருந்தார்.

பந்தல் மணல் இரண்டு டிராக்டர் இருக்கும். கொல்லையில் ஒரு பள்ளத்தில் கொட்டியிருந்தார்கள். சலிக்க ஒரு வாரம் ஆகும். சின்ன காயிலுக்கு ஆழம் எட்டாது. பெரிய காயிலைத்தான் நம்பவேண்டும்.

அது நம்புகிற மாதிரி இல்லை. சித்தப்பா இடமிருந்து வலம் வீசுவார். கை நின்ற பிறகும் தண்டு வளைந்து காயில் தனியாக ஒரு சாண் போகும், தலையாட்டும், மணலை நெருங்கும், கத்தும். அந்தப் பக்கம் வீசினாலும் அதே கத்தல். கத்திய இடமெல்லாம் தோண்டினோம். பன்னிரண்டு மணிக்குள் முப்பது குழி. கிடைத்தது பந்தல் ஆணி இரண்டு.

கார்த்திகேயன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஐயா, அது மெஷினா, ரேடியோவா?"

சித்தப்பாவுக்கு வியர்த்தது. தண்டு வளைவதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தார். பந்தல்காரர்கள் விட்டுப்போன அரை இஞ்ச் குழாயை எடுத்துத் தண்டோடு சேர்த்து வரிந்து கட்டினார். தண்டு ஆடவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் ஒரே கத்தாகக் கத்தியது, நிறுத்தவேயில்லை. ஊர் மோட்டாரையெல்லாம் அக்கக்காகப் பிரிப்பவர், இரும்பைத் தேடுகிற மெஷினில் இரும்பைக் கட்டியிருந்தார். அவசரம் அப்படி. நான் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

குழாயை அவிழ்த்துப் போட்ட பிறகுதான் பந்தல் மூங்கில் கண்ணில் பட்டது. ஒரு கழியைப் பிளந்து, சீவி, தண்டின் அடிக்குழாய்க்குள் இறுக்கமாக இறங்கும்படி செய்தார். இரண்டு குழாய் சேரும் இடத்தில் லொடலொடப்பு இருந்தது. சைக்கிள் டியூப்பைக் கிழித்து அங்கே சுற்றிச் செருகினார். தண்டை ஒரு துளை உள்ளே தள்ளிக் குட்டையாக்கினார். காயிலின் முன்நுனியிலிருந்து கைப்பிடிக்கு நைலான் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினார். தொங்கிய ஒயரையும் தண்டோடு சுற்றினார்.

"சரியாச்சான்னு எப்படிப் பாக்குறது? அடியில என்ன கிடக்குன்னு தெரிஞ்ச இடம் வேணுமே."

நான் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சோடா மூடியை எடுத்து, தோண்டிப் பார்த்த குழியில் போட்டு மூடினேன். சித்தப்பா என்னையே பார்த்தார்.

"அந்தச் சோடா நீதானா?"

"நான் குடிக்கல சித்தப்பா. மூடி மட்டுந்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். நேரமில்லை. மூடியின்மேல் மெஷின் கத்தியது. ஆனால் வீச்சின் கடைசியில் இன்னும் ஒரு முனகல் இருந்தது. மணி இரண்டே கால்.

பெரியம்மா இருபது அடி தள்ளிச் சுவரோரமாக நின்றிருந்தார். காலையிலிருந்தே அங்கேதான். மணலில் கால் வைக்கவில்லை. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். கிட்டே வந்தால், இவளே போட்டுவிட்டாள் என்று ஒரு வாய் சொல்லும். அங்கிருந்தே பேசினார்.

"தம்பி, வாசல் கூட்டிருக்கீகளா?"

"இல்லக்கா."

"அதான். கைய வீசுறீக. நாங்க கைய வீசமாட்டோம். முழங்கைய இடுப்போட ஒட்டிக்கிட்டு இடுப்பத் திருப்பணும். மொள்ளமா. வெளக்கமாறு நம்ம கூடவே வரணும், நமக்கு அப்புறம் வரப்படாது."

சித்தப்பா முழங்கையை ஒட்டினார். இடுப்பைத் திருப்பினார். காயில் அவர் கூடவே போனது, கூடவே வந்தது. சத்தமில்லை. அடி அடியாக, வரிசை விட்டு வரிசை. அவர் அவ்வளவு மெதுவாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அவர் கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓடுகிற ஆளைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறார் என்று தெரிந்தது. கார்த்திகேயன் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். வேன்காரர் பெட்டிகளை ஏற்றினார்.

மூன்றரைக்குப் பள்ளத்தின் மேற்கு மூலையில் மெஷின் கத்தியது. திரும்பி வரும்போது அதே இடத்தில், அதே சத்தம். நான் மண்வெட்டியோடு பாய்ந்தேன்.

"யாரும் தொடாதீக," என்றார் பெரியம்மா. குரல் உயரவில்லை. "ஆச்சி வரட்டும்."

ஆச்சி வந்தார். பட்டுச்சேலையோடு மணலில் மண்டியிட்டுத் தன் கையாலேயே தோண்டினார். முழங்கை ஆழத்தில் வந்தது. விரல் தடிமனில் தங்க உரு, அறுந்த மஞ்சள் நூல் ஒட்டியபடி. கார்த்திகேயன் போனைப் பார்த்துக்கொண்டார்.

"பொன்னு, மனசுல வச்சுக்காதே," என்றார் ஆச்சி.

"ஒண்ணுமில்ல ஆச்சி."

அப்போதுதான் பெரியம்மா கையை அவிழ்த்தார். சுவரோரம் வைத்திருந்த பையை எடுத்துவந்து, ஆச்சியின் முன்னால் மணலில் கவிழ்த்தார். ஒரு சீப்பு, பேரனின் பனியன், பஸ் டிக்கெட், நசுங்கிப்போன அந்த இரண்டு லட்டு.

"இப்பவும் ஒரு தடவ பாத்துக்கங்க. அடுத்த கல்யாணத்துக்கு வேற ஆளு பாத்துக்கங்க."

ஆச்சி கையில் உருவை வைத்துக்கொண்டு நின்றார். வேன் ஹார்ன் அடித்தது. யாரும் குனியவில்லை.

சித்தப்பா மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்தார். மணலில் போய் உட்கார்ந்தார். நுனியில் இல்லை, சம்மணம் போட்டு முழுதாக. சீப்பை எடுத்து மணலைத் தட்டினார். பனியனை உதறி மடித்தார். ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். அவசரப்படவேயில்லை.

நான்தான் பைக் நிற்கிறதா என்று பார்க்கப் போனேன்.